அரக்கு நிறக் கம்பளி

"நில்லுடி, ஆடாம நில்லு! தோள் அளவு பார்க்கணும்..."

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டதும், அடுப்படியில் டீ ஊற்றிக்கொண்டிருந்த மூத்த மருமகள் பெரியவளின் கை அப்படியே நின்றது. ஜன்னல் கண்ணாடி பனியில் வெளுத்துப்போயிருந்தது. இந்தக் குளிரில், டீ கொதித்து இறங்கியதும் பாத்திரத்தின் சூட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டியபடி கொஞ்ச நேரம் நிற்பதுதான் அவளுக்கென்று இருந்த ஒரே சுகம். இன்று அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனால், நடுக்கூடத்தில் சின்னவள் மகாராணி மாதிரி நிற்கிறாள்! கொழுந்தனின் மனைவி. இந்த வீட்டில் அவளுக்கு இதுதான் முதல் குளிர்காலம். பாதி பின்னிய சால்வையை அவள் தோளில் விரித்து, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள் மாமியார்.

அரக்கு நிறக் கம்பளி... அது மாமனாரின் ஸ்வெட்டர்! அவர் போன பிறகு யாரையும் தொடவிடாமல் பெட்டியில் வைத்திருந்தது. அதைப் பிரித்துத்தான் மாமியார் பின்னுகிறாள் என்பது தெரியும். யாருக்கு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

"போன மாசம்தானே அத்தை நீலத்துல ஒண்ணு குடுத்தீங்க... மறுபடியும் எனக்கா?" என்று குழைந்தாள் சின்னவள்.

"வாயை மூடிக்கிட்டு நில்லு!" என்று சிரித்த மாமியார், பெரியவள் வந்து நிற்பதை உணர்ந்ததும் சால்வையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒளிக்கிறார்களாம்! அதுவும் யாரிடம்?

அந்த நீலச் சால்வையின் கதை பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும். மாமியாருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கண்ணிகள் நழுவின, வரிசைகள் கோணிக்கொண்டன. மாமியார் மதியம் கண்ணயரும்போது, தப்பான வரிசைகளைப் பிரித்து, திருத்திப் பின்னி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள் பெரியவள். கண் போய்விட்டதென்று தெரிந்தால் அந்த மனுஷி உடைந்துபோவாள் என்ற பயம்தான். கடைசியில் சால்வை தனக்குத்தான் வரும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. வந்ததா? சின்னவள் அதைப் போர்த்திக்கொண்டு, "எங்க அத்தை கைவேலை!" என்று தெருவெல்லாம் காட்டினாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதையாவது தொலையட்டும் என்று விட்டாள். இது மாமனாரின் கம்பளியாயிற்றே! படுத்த படுக்கையாய்க் கிடந்தவருக்கு ஸ்பூனில் சூப் ஊட்டியது யார்? துணி மாற்றியது யார்? சின்னவள் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

மாமியார் குளிக்கப் போனாள். பெரியவள் சால்வையைக் கையில் எடுத்தாள். இதையும் மதியங்களில் அவள் திருத்தித்தான் வந்தாள்; இன்றும் வழக்கம்போல ஒரு கண்ணி நழுவியிருந்தது. திருத்தத்தான் பிரித்தாள்... சத்தியமாகத் திருத்தத்தான். ஆனால் அந்த வரிசைக்கு அப்புறமும் கை நிற்கவில்லை. இழுக்க இழுக்கக் கம்பளி சுருள்சுருளாகக் காலடியில் விழுந்தது.

"ஐயய்யோ! அக்கா... என்ன பண்றீங்க?" வாசற்படியில் சின்னவள். "அத்தை கண்ணு வலிக்க வலிக்கப் பின்னினதை... பொறாமையா அக்கா உங்களுக்கு?"

சத்தம் கேட்டு, பேக்கரி வேலை முடிந்து அப்போதுதான் வந்த கணவனும் சூடான ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றுவிட்டான். "நீயா இப்படி...?"

அந்த ஒரு கேள்வி போதாதா? பெரியவள் வெடித்தாள்.

"ஆமாடி, பொறாமைதான்! எனக்கு மட்டும் குளிராதா? உழைக்க நான், போர்த்திக்க நீயா? இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு முழம் கம்பளி யாராவது பின்னிக் குடுத்தாங்களா?"

மாமியாரின் கண்ணைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க!"

ஈரத் தலையோடு வந்த மாமியார் தரையில் உட்கார்ந்து, சுருண்டு கிடந்த கம்பளியை இரண்டு கையாலும் அள்ளினாள்.

"எனக்குக் கண்ணுதான் மங்கிச்சு, விரலுமா மரத்துப்போச்சு? நீ இறுக்கிப் பின்னுவ, நான் தளரப் பின்னுவேன். தடவினா தெரியாதா எனக்கு? அந்த நீலத்துல பாதிக்கு மேல உன் கைதான்டி!"

சின்னவளின் முகம் செத்துப்போயிற்று.

"தெரிஞ்சுமா அத்தை... அவளுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டாள் பெரியவள்.

"நீ பின்னினதை உனக்கே போர்த்திவிட்டு, நான் பின்னினேன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? இது... இதுதான்டி உனக்கு! உங்க மாமாவோட கம்பளி வேற யாருக்குப் போகும்? உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இவ தோளுல அளந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தோள் வாகு. கோணலோ மாணலோ, முழுசா என் கையால குடுக்கணும்னு பார்த்தா, நான் பின்னப் பின்ன நீ பிரிச்சுத் திருத்துற! திருத்தாதேன்னு எப்படிச் சொல்வேன்? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ தவிச்சுப்போவியே..."

"ஐயோ அத்தை! எனக்குன்னு பின்னினதை நானே... என் கை வெளங்குமா?" பெரியவள் அந்த மடியில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். மாமியாரின் ஈரக் கூந்தல் அவள் முதுகில் சொட்டியது. கணவன் ரொட்டியை வைத்துவிட்டு ஒரு துண்டைக் கொண்டுவந்து அம்மாவின் தலையைத் துவட்டினான். மனைவியை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

சின்னவள் எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். "கம்பளியை என் கையில சுத்துங்க அத்தை. மறுபடி ஆரம்பிக்கலாம். மன்னிச்சிடுங்க அக்கா..."

குளிர் முடிவதற்குள் சால்வை வந்துவிட்டது. ஒரு ஓரம் நீளம், ஒரு ஓரம் குட்டை. நடுவில் விரல் நுழைகிற ஓட்டை. பெரியவள் ஒரு கண்ணியைக்கூடத் தொடவில்லை. அப்படியே போர்த்திக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

பக்கத்தில் வந்த சின்னவள் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தாள். "இது மொத்தமும் அத்தையோட கை... என்னோடதுல பாதிகூட இல்ல. மாத்திக்கலாமா அக்கா?"

"ஆசையைப் பாரு! போய்ப் பாத்திரத்தைத் தேய்."

பெரியவள் சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.