உறுத்தல் இல்லாத தெரு

பழைய கட்டடத்தின் உச்சிமாடம் முழுதாகப் படத்துக்குள் வரவேண்டும் என்று நிலோஃபர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பின்னால் நகர்ந்துகொண்டே போனாள். ஓரிடத்தில் தரை இல்லை.

வேதமுத்து பக்கத்தில்தான் இருந்தான். ஆனால் அவன் மூக்கின்மேல் எழிலாடிக் கண்ணாடி இருந்தது. சூளை பாக்கியம்மாள் தெருவின் வழவழப்பான தார்ச்சாலை அவனுக்குத் தெரிந்தது. அதன் ஓரத்தில் இருந்த தோழி மட்டும் சட்டென்று காணாமல் போனாள். அலறல் கேட்டது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் நடையைத் தொடர்ந்தார்கள்.

அவன் எழிலாடியைப் பிடுங்கி எறிந்தான். எதிரே மூடியில்லாத மழைநீர் வடிகால் குழி. துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவே, வலியில் கோணிய முகத்தோடு நிலோஃபர்.

எழிலாடி புழக்கத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கண்ணுக்கு உறுத்தலானது எதுவானாலும் அந்தக் கண்ணாடி அதை நீக்கி, சுற்றுப்புறத்துக்குப் பொருத்தமாக எதையாவது வரைந்து நிரப்பிவிடும். குப்பைமேடு புல்தரையாகும். சுவரில் மூத்திரக்கறை இருந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாகும். கேமரா வில்லைகளுக்குள்ளும் இதே நுட்பம்தான். ஓடும் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு, மோதிக்கொள்ளக் கூடாதல்லவா? குழிகளுக்கு விலக்கு தரவில்லை. நகரில் குழிகளே கிடையாது என்று நகரழகு வாரியம் முன்பே அறிவித்திருந்தது. மனிதர்களுக்கு இருந்த விலக்கும் போன தையில் போயிற்று. கோபமும் அழுகையும் வலியும் காட்டும் முகங்கள் பொதுமக்களின் நிம்மதியைக் கெடுக்கின்றனவாம். அப்படி முகத்தை வைத்துக்கொண்டு தெருவில் நிற்பவர் இப்போது எழிலாடியில் தெரியமாட்டார்.

வேதமுத்துவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நிலோஃபரோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு நகரைச் சுற்றக் கிளம்பிவிடுவான். எந்தச் சந்தில் எடுத்தாலும் படம் காலண்டர் மாதிரி வருகிறதே என்று சலிப்பு இருந்தது. ஆனால் பாராட்டுகள் குவிந்ததால் பேசாமல் இருந்துவிட்டான். இப்போது அதை நினைத்தால் அவனுக்கே அவன்மேல் எரிச்சலாக வந்தது.

நிலோஃபரின் காலில் மாவுக்கட்டு. வாரியத்துக்கு அனுப்பிய புகாருக்குப் பதில் வந்தது: சமதளமான சாலையில் கவனக்குறைவாக நடந்து விழுந்திருக்கிறார்.

"சமதளமான ரோட்ல விழறதுக்கு நான் என்ன குடிச்சிட்டா போனேன்?" என்றாள் நிலோஃபர், கட்டிலில் சாய்ந்தபடி. "இதைப் படிச்சிட்டு எங்க அத்தாவே நம்பிட்டாருப்பா. பார்த்து நடக்கக் கூடாதாம்மாங்கிறாரு." பிறகு அவள் குரல் மாறியது. "ஸ்கூல் பசங்க போற தெரு வேதா அது. இன்னொருத்தர் விழறதுக்குள்ள எப்படியாவது மூட வை."

அவன் குழியின்மேல் ஒரு பலகையைப் போட்டான். மறுநாள் காலை வாரியத்தின் துப்புரவு வண்டி, குப்பை என்று அதை அள்ளிக்கொண்டு போனது. சிவப்புத் துணி கட்டிய கழியை நட்டான். எழிலாடியில் துணியும் தெரியவில்லை, கழியும் தெரியவில்லை. ஒருவர் அதிலேயே இடறி விழப்பார்த்தார். எழிலாடி வருவதற்கு முந்தைய கேமரா ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து, குழியைப் படமெடுத்து அனுப்பினான். செம்மைப்படுத்தப்படாத படம் சான்றாகாது என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் அந்தப் படத்தையே ஆளுயரத்துக்கு அச்சடித்து எதிர்ச்சுவரில் ஒட்டினான்.

அலுவலகப் பையோடு வந்த ஒருவர் நின்று ரசித்தார்.

"சூப்பர் ஷாட் சார். நம்ம ரோடு இவ்ளோ நல்லா இருக்குன்னு இன்னிக்குத்தான் கவனிக்கிறேன்."

படத்தில் இருந்த குழியையும் எழிலாடி மூடிவிட்டிருந்தது. வேதமுத்துவுக்கு அந்தச் சுவரிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. குழி இருக்கிறது, கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள் என்று அவரிடம் கத்தினான். கோபம் வந்த அந்த நொடியே அவன் அவர் கண்ணிலிருந்து மறைந்திருந்தான். அவர் காற்றைப் பார்த்து மிரண்டு, வேகமாக நடையைக் கட்டினார்.

சரி, நானே நிற்கிறேன் என்று லீவு போட்டுவிட்டுக் குழியோரம் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன்மேல் வருகிறவர் போகிறவரெல்லாம் மோதினார்கள். நடுவில் நிலோஃபர் போன் செய்தாள். சங்கதியைக் கேட்டுவிட்டு, "முனீஸ்வரன் மாதிரி நின்னா எவன்பா பக்கத்துல வருவான்? நைவேத்தியம் வச்சாங்களா இல்லியா?" என்றாள். அவன் தன்னையறியாமல் சிரித்துவிட்டான்.

காய்கறிப் பையோடு நேரே குழியை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி தடுமாறி நின்றார்.

"இன்னாண்ணே, தொபுக்குனு முன்னாடி வந்து நிக்கிறே?" என்று கேட்டபடி அவனைச் சுற்றிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பள்ளி விடும் நேரமும் திறக்கும் நேரமும் வேதமுத்து குழியோரம் சிரித்துக்கொண்டு நின்றான். உள்ளே கொதித்தது. வாரியத்தை, கண்ணாடி செய்தவனை, அதை மாட்டிக்கொண்டு திரிகிறவர்களை, போன மாதம்வரை அதையே மாட்டிக்கொண்டு திரிந்த தன்னை, ஒருவர் விடாமல் மனதுக்குள் வைதுகொண்டே, கன்னம் இழுத்து வலிக்கச் சிரித்தான். பிள்ளைகள் கையாட்டிவிட்டு விலகிப் போனார்கள். சிலர் அவனோடு நின்று படமெடுத்துக்கொண்டார்கள். பாக்கியம்மாள் தெருவின் சிரித்த முகம் என்று அவன் படம் ஊரெல்லாம் சுற்றியது.

படம் வாரியத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு காலை வெள்ளை ஜீப் வந்து நின்றது. கள ஆய்வாளர் பூவராகன் இறங்கினார். மூக்கில் வாரியத்தின் முத்திரை பதித்த எழிலாடி. வெறுங்கண்ணால் பார்ப்பது ஆய்வுக்கணக்கில் சேராது என்பது அவர்கள் விதி.

வேதமுத்து சிரிப்பைக் கலைக்காமல் குழியைக் கைகாட்டி எல்லாவற்றையும் சொன்னான். பூவராகன் அவன் கைகாட்டிய இடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கேமராவை எடுத்தார்.

"அப்படியே நில்லுங்க சார். ஃபைன்." ஒரு படம் எடுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். "சம்பவ இடத்துல புகார்தாரர் மகிழ்ச்சியா இருக்காரு. புகாரை முடிச்சிடலாம். இந்தத் தெருவுக்கு இந்த வருஷம் ரிப்பேர் தேவையில்லைன்னும் எழுதிடறேன். உங்க முகத்தைப் பார்த்தா யாருமே நம்புவாங்க."

வேதமுத்துவின் முகத்திலிருந்து சிரிப்பு வழுக்கி விழுந்தது.

பூவராகன் கேமராவைத் தாழ்த்தினார். இடம் வலம் பார்த்தார். "சார்? எங்க சார் போயிட்டீங்க? கையெழுத்து ஒண்ணு பாக்கி இருக்கு."

"இங்கதான் நிக்கிறேன். நகராதீங்க. உங்களுக்கும் எனக்கும் நடுவுல குழி."

"விளையாடாதீங்க சார். ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு." குரல் வந்த திசையை நோக்கி ஆய்வாளர் நடந்தார்.

"நில்லுய்யா" என்று வேதமுத்து தொண்டை கிழியக் கத்தினான். கத்தலைக் குறிவைத்து இன்னும் உறுதியாகவே வந்தது அடுத்த எட்டு.

அலறல் கேட்டு ஜீப்பிலிருந்து டிரைவர் ஓடிவந்தான். அவன் கண்ணிலும் எழிலாடி. குழியைப் பார்த்தான், வேதமுத்துவைப் பார்த்தான், இரண்டும் அவனுக்குத் தெரியவில்லை. வெறிச்சோடிய அழகான தெருவில் சுற்றிச் சுற்றி வந்து ஐயா, ஐயா என்று கூப்பிட்டான். பிறகு, ஐயா யார் வண்டியிலோ ஏறிப் போய்விட்டார் போலிருக்கிறது என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டே ஜீப்பை நோக்கித் திரும்பி நடந்தான்.

குழிக்குள் பூவராகனின் எழிலாடி தெறித்து விழுந்திருந்தது. துருப்பிடித்த கம்பிகளையும், சாக்கடைச் சேற்றையும், மடங்கிக் கிடந்த தன் காலையும் அவர் முதல்முறையாகப் பார்த்தார். கண்ணீர் வழிய அண்ணாந்தார். மேலே கோபத்தில் சிவந்த ஒரு முகம் குனிந்து கையை நீட்டியது.

"என்னால தனியா தூக்க முடியாது சார்," என்றான் வேதமுத்து. "டிரைவர் ஜீப்புல ஏறப் போறாரு. எனக்கு இப்ப சிரிப்பு வரல. சீக்கிரம், சிரிங்க. அப்பத்தான் அவருக்குத் தெரிவீங்க."