மூத்தது கீழே

கடைசிப் பெட்டியிலிருந்து மழை வாசனை வந்தது. வெளியே மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. பகல் முழுக்கக் காய்ந்த தகரக் கூரை, வெயில் இறங்க இறங்கப் படபடவென்று நெளிந்துகொண்டிருந்தது. பூமியில் துளையிட்டு எடுத்த கல் உருளைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த அந்த நீளக் கொட்டகையில் எல்லாக் கல்லும் தூசி படிந்து கிடக்க, மிக ஆழத்திலிருந்து வந்த உருளைகள் மட்டும் துடைக்கத் துடைக்க வியர்த்தன.

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஊசி போடும் டாக்டர் அல்ல. கல்லுக்கு வயது சொல்லும் டாக்டர். மனிதர்களில் அவர் மதித்தது கண்ணாடியில் தெரிகிற ஆளை மட்டும்தான். மற்றவர்களெல்லாம் வெறும் மண்ணாங்கட்டி, அதிலும் மட்டமான ரகம் மனைவியின் தம்பி. வீட்டுக்காரியின் அழுகை தாங்காமல் அவனைத் துளையிடும் வேலையில் சேர்த்துவிட்டு, தன் பழைய பூட்ஸையும் தானமாகக் கொடுத்துவிட்டு, இரண்டையும் சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இப்போது அவர் கையில் ஆய்வகம் அனுப்பிய வயதுகள் இருந்தன. பாறை அடுக்குகளுக்கு நடுவே அங்கங்கே பழைய எரிமலைச் சாம்பல் படிந்திருக்கும். அந்தச் சாம்பலில் உள்ள பொடிப் படிகங்களுக்குள் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறிக்கொண்டே வரும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் சாம்பல் விழுந்த காலம் தெரிந்துவிடும். மேல் சாம்பலுக்கு ஏழு கோடி வருஷம். அதற்குக் கீழே இருந்ததற்கு நாலு கோடி. அதற்கும் கீழே ஒரு கோடி. கடைசிச் சாம்பலில் ஈயம் என்று சொல்லவே எதுவும் இல்லை, நேற்று விழுந்ததுபோல.

"முதல்ல விழுந்தது கீழ, அப்புறம் விழுந்தது மேல. மூத்தது கீழதான் இருக்கும். அழுக்குத் துணிக் கூடைக்குக்கூட இது தெரியும்," என்றார் டாக்டர். "பெட்டியத் தலைகீழா அடுக்கிட்டு வந்து நிக்கிற."

"இல்ல அத்தான். நான் போட்ட கோட்டப் பாருங்க," என்றான் மச்சினன்.

உருளை வெளியே வந்ததும் அதன் நீளத்துக்குச் சிவப்பும் நீலமுமாக இரண்டு கோடு இழுப்பது துளைக்காரர்கள் வழக்கம். மேல்முனை மேலே இருக்கும்படி நிறுத்தினால் சிவப்பு வலப்பக்கம் வரும். ஒரு தரம் குனிந்து பார்த்திருந்தால் போதும். ஆனால் துளைக்காரன் போட்ட கோட்டை டாக்டர் குனிந்து பார்ப்பதா?

"உன் கோட்டக் கொண்டுபோய்க் குப்பையில போடு. குழியில இறங்கி, அடித்தரையிலேருந்து உன் கையாலயே ஒரு கட்டி வெட்டி அனுப்பு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"அங்க காலடிச் சத்தம் கேக்குது அத்தான்."

"உன் மண்டையில நெறைய எடம் காலியா இருக்கு. யாராவது நடப்பாங்க."

மச்சினன் தலைவிளக்கை மாட்டிக்கொண்டான். கொட்டகையின் கோடியில், ஆள் இறங்கும் அகலத்தில் வெட்டிய ஆய்வுக் குழி இருந்தது. அவன் இரும்பு வாளியில் ஏறி நின்றான். டாக்டர் மோட்டாரைப் போட்டார். கம்பி கிறீச்சிட்டுக்கொண்டே அவிழ, அவன் தலைவிளக்கு சுருங்கிச் சுருங்கி மங்க, குழியிலிருந்து நனைந்த மண்ணின் குளிர் முகத்தில் ஏறி அடித்தது. வெகுநேரம் கழித்துக் கம்பி தளர்ந்தது. பிறகு வாக்கிடாக்கியில், "இழுங்க அத்தான். கட்டி மட்டும் வருது."

வாளி வந்தது. ஈரச் சேற்றுக் கட்டி ஒன்று. அதிலும் சிவப்பு, நீலம் என்று கோடு போட்டிருந்தான் மடையன். டாக்டர் சிரித்துக்கொண்டே அதைப் புரட்டினார்.

அடிப்பக்கத்தில் மழைத்துளி விழுந்த பொடிப்பொடிக் குழிகள். அவற்றின் நடுவே, ஆழமாகப் பதிந்த ஒரு பூட்ஸ் தடம். குதிகாலில் ஒரு துண்டு பிய்ந்த தடம். அவர் தானம் கொடுத்த பூட்ஸ்.

காலும் மழையும் மேலேயிருந்துதான் விழும். பள்ளம் எந்தப் பக்கமோ, அந்த மண்ணுக்கு அதுதான் மேல்பக்கம். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் அவரே சொல்லிக்கொடுப்பது, கூடவே நாலு வசவும் சேர்த்து.

அவன் போட்ட கோட்டின்படி, இந்தக் கட்டியில் பள்ளம் அடிப்பக்கம் இருந்தது.

ஓடிப்போய்ப் பெட்டிகளைப் பார்த்தார். ஒவ்வோர் உருளையாகத் தூக்கி நிறுத்தினார். சிவப்பு வலப்பக்கம். அடுத்ததும் வலப்பக்கம். எல்லாமே. அவன் ஒன்றைக்கூடத் தலைகீழாக வைக்கவில்லை.

அப்படியானால் மேல் என்பது அங்கே. இன்று மழை பெய்வது அங்கே. மூத்தது, மூடிப்போனது, அடியில் கிடப்பது...

டாக்டர் கையிலிருந்த உருளையை அப்படியே போட்டார். குழியோரம் வந்து வாக்கிடாக்கியை அழுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

"தம்பி. மேல வந்துடுப்பா."

"மேலதான் இருக்கேன் அத்தான்."

எட்டிப் பார்த்தார். அடியில் வெளிச்சம். பகல் வெளிச்சம். அதில் இரண்டு பூட்ஸ் அடிகள் அவரைப் பார்த்து நின்றன, கண்ணாடித் தரைக்கு மறுபுறம் நிற்பதுபோல. ஒன்றில் குதிகால் பிய்ந்திருந்தது. பக்கத்தில் வெறும் பாதங்கள். நீளமானவை. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

அவர் தாடையின் அடியில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. குழியிலிருந்து மழை ஏறியது.

"அத்தான்." மச்சினன் குரலில் பயம் இல்லை. அவர் அவனிடம் பேசுகிற அதே அலட்சியம் இருந்தது. "அசையாம நில்லுங்க. இவங்களுக்கு உங்க வயசு தெரியணுமாம்."

காலுக்கடியில் உறுமல். விலக நினைத்தார். கால் வரவில்லை.

சிமெண்ட் தரையில், அவருடைய இரண்டு கால்களையும் சுற்றி, மெல்லிய வட்டக் கீறல் ஒன்று விழுந்தது. ஓர் ஆள் நிற்கிற அகலம். அது சுழன்றுகொண்டே ஆழமாயிற்று. கீறலிலிருந்து சேற்றுத் தண்ணீர், மழை வாசனையோடு, சொட்டுச் சொட்டாகக் கூரையை நோக்கி விழுந்துகொண்டிருந்தது.