படிக்காமல் சொன்ன சரி

"ஐயோ… கண்ணு போச்சு!"

குடையை மடக்கத் தெரியாதவர்கள் மழையில் வெளியே வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் தேவலை. அவளுடைய குடைக் கம்பி, பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தவனின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அது ஈரத் தரையில் போய் விழுந்தது.

"ஸாரிங்க… பாக்கல…"

"நீங்க பாக்கல, சரி. இப்ப நானும் பாக்க முடியாது."

கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்… பெரியவை, தூக்கம் கெட்டவை, கோபப்படத் தெரியாமல் விழித்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தாள். மழை வலுத்தது. பேருந்து வருவதாக இல்லை. முன்பின் தெரியாத இருவர் மழைக்கு ஒதுங்கினால் என்ன பேசுவார்கள்? ஆபீஸைத் திட்டுவார்கள்.

"எங்க ஆபீஸ்ல ஒரு நந்தி இருக்குங்க," என்றாள்.

"நந்தியா?"

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. எதை அனுப்பினாலும் குறுக்க உக்காந்துக்கும். நான் இன்னும் நேர்ல பாத்ததில்ல. பக்கத்துக் கட்டடத்து லேப்ல இருக்காராம். மெயில்லயே உயிரை வாங்குறாரு."

"அப்படி என்ன அனுப்பினீங்க?"

"உங்களுக்குப் புரியாதுங்க."

"சொல்லுங்களேன். பஸ்தான் வரலையே."

சொன்னாள். ஒரு கருவியை ஆன் செய்தவுடன் முதலில் விழித்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடும் சின்ன புரோகிராம்தான் பூட்லோடர். நினைவகத்துக்கு நிஜ முகவரி ஒன்று உண்டு. பிராசசர் அதைக் கூப்பிடும் முகவரி இன்னொன்று. ஒன்றை மற்றதாக மாற்றிச் சொல்ல வேண்டும்.

"முக்கால்வாசி பிராசசருக்கு ரெண்டும் ஒண்ணேதான். ஆனா பாருங்க, ஒவ்வொருத்தரும் அதே புரோகிராம் கோடைத் தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க. ஒரே வீட்டுல ஆளுக்கொரு அடுப்பு! பொதுவா ஒண்ணு இருக்கட்டும், நிஜமாவே வேற வழியில போற பிராசசர் மட்டும் தன் வழிய முதல்லயே சொல்லிடட்டும். இதுதான் என் யோசனை."

"நல்ல யோசனைதானே?"

"அதை அந்த நந்திகிட்ட போய்ச் சொல்லுங்க! அவரோட பிராசசர் வேற ரகமாம். கை வச்சா எழுந்திருக்காதாம். கட்டிக்கப்போற பொண்டாட்டிய மாதிரி பொத்திப் பொத்தி வச்சிருக்காரு."

அவன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். உதட்டோரத்தில் ஏதோ துடித்தது. தன்னை இவ்வளவு அழகாக யாரும் திட்டி அவன் கேட்டதில்லை…

மறுநாள் காலை, ஒரு கை பார்த்துவிடுவது என்று லேப்புக்குப் படியிறங்கிப் போனாள். ஒயர்களுக்கு நடுவே, ஒரு பச்சை போர்டின் மேல் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான்.

"வாங்க. நந்தி நான்தான்."

அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல… சார்?"

"சொல்லியிருந்தா பாதியிலயே நிறுத்தியிருப்பீங்களே!"

அதற்குப் பிறகு தினமும் சண்டைதான். அவள் திருத்தி அனுப்புவாள். அவன் ஒரு வரி விடாமல் படிப்பான். போர்டில் ஏற்றிப் பார்ப்பான். 'இல்ல' என்று எழுதுவான். காரணத்தையும் எழுதுவான். அந்தக் காரணங்களை அவள் முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். பிறகு காபியோடு படித்தாள். பிறகு… அவன் பெயரில் மெயில் வந்தாலே கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது. பைத்தியமா உனக்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஆனால் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒப்பந்த ஊழியர். இந்தப் பொதுக் கோடு உள்ளே போனால் வேலை நிரந்தரம். போகாவிட்டால் மாதக் கடைசியோடு சரி. அண்ணன் அதற்காகவே காத்திருந்தார்.

"வேலை இல்லன்னா நேரா வீட்டுக்கு வந்துடு. மாப்பிள்ளை வீட்டுல எத்தனை நாள் சாக்குச் சொல்றது?"

"அண்ணா, இன்னும் கொஞ்சம் டைம்…"

"போதும்மா உன் விளையாட்டு."

லேப் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பேசினாள். போனை வைத்ததும் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கதவின் கண்ணாடிக்குப் பின்னால் அவன் நின்றதை அவள் பார்க்கவில்லை.

அன்று மாலை அவள் அனுப்பிய திருத்தத்துக்கு உடனே பதில் வந்தது. ஒரே வார்த்தை… 'சரி'.

நாற்காலியில் உட்கார முடியவில்லை அவளுக்கு. அந்த நந்தியே எழுந்து வழிவிட்டிருக்கிறது! ஊரெல்லாம் கூடிப் பாராட்டியிருந்தாலும் இந்த இனிப்பு இருந்திருக்காது. அண்ணனைக் கூப்பிட்டு, "எனக்கு வேலை உறுதிண்ணா," என்று சொல்லியே விட்டாள். நாளைக்கு அவனிடமும் ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி, தைரியம் வரவில்லை.

புதிய பூட்லோடர் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்த அதே வாரம் இடி விழுந்தது. கார் நிறுத்துமிடங்களின் தடுப்புக் கம்பங்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. வண்டிகள் தெருவரை வரிசை கட்டி ஹாரன் அடித்தன. எல்லாம் அவனுடைய பிராசசர் உள்ள கருவிகள்.

அவள் தான் எழுதிய கோடைத் திறந்து பார்த்தாள். தப்பு மூஞ்சியிலேயே அறைந்தது. தனி வழி உண்டு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பொதுக் கோடை அழைக்க வேண்டும். அவள் பொதுக் கோடை முதலில் அழைத்திருந்தாள். ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறதே என்று தனி வழி ஒதுங்கிக்கொண்டது. பிராசசர் தப்பான முகவரிக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் அப்படியே நின்றுவிட்டது. இரண்டே வரி, இடம் மாறிப்போச்சு! அவன் படித்திருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பான்.

படித்திருந்தால்…

லேப்புக்கு ஓடினாள். "போர்டுல ஏத்திப் பாத்தீங்களா?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"படிக்கவாவது செஞ்சீங்களா?"

"நீங்க அழுதுட்டிருந்தீங்க…"

"அதனால?"

அவன் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான்.

"பாவம், போகட்டும்னு பிச்சை போட்டீங்களா?"

"பிச்சை இல்லீங்க! சத்தியமா இல்ல…"

அவள் கேட்க நிற்கவில்லை.

பிற்பகல் கூட்டத்தில் மேலாளர் நேராக அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான். "தப்பு என்னோடது. நான் பாக்காம சரின்னு போட்டேன்."

"நீங்களா? எதையும் லேசுல விடமாட்டீங்களே… ஏன்?"

அவன் அவளைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. அவளைக் காப்பாற்றத்தான் எழுந்தான் பாவி… ஆனால் அந்தப் பார்வையிலேயே அறைக்கு முழுக்கதையும் விளங்கிவிட்டது. ஒருவர் இருமினார். ஒருத்தி குனிந்து சிரித்தாள். அவள் ராத்திரி பகலாக எழுதியதெல்லாம், ஒருவன் மயங்கிப்போய் விட்டுக்கொடுத்தது என்று ஆனது. அவனுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். அந்தப் பிராசசரை வேறு யாருக்குத் தெரியும்? அவளுடைய ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அது தானாக முடிந்தது.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"உங்களைப் புடிச்சிருக்குன்னு அன்னிக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். அதைச் சொல்லத் துப்பில்லாம, சரின்னு எழுதிட்டேன்."

அவள் பைக்குள் புத்தகத்தைத் திணித்தாள்.

"எங்க வீட்டுல நான் எது செஞ்சாலும், பொண்ணு ஏதோ விளையாடுதுன்னு விட்டுடுவாங்க. யாரும் உக்காந்து பாத்ததில்ல. ஒருத்தர் மட்டும்தான் வரி வரியா படிச்சு, இது தப்பு, இது தப்புன்னு எழுதி அனுப்பினாரு. அந்த ஆளைத்தான் நான் காதலிச்சேன்."

"நான்தாங்க அது…"

"அவரா இருந்திருந்தா என் தப்பைப் பிடிச்சிருப்பாரு."

கீழே அண்ணனின் கார் ஹாரன் கேட்டது. அவன் ஓரடி நெருங்கினான். "இப்ப… கொஞ்சம்கூடப் புடிக்கலையா?"

"புடிக்குது. இப்பவும் புடிக்குது. அதனாலதான் மன்னிக்க முடியல."

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக்கூடக் கை ஒழியாமல் படியிறங்கிப் போனாள்.