டாக்டரின் கடைவாய்ப்பல்

டாக்டர் சிரித்தார். அந்தப் பல் மின்னவில்லை.

வரவேற்பு மேஜையைச் சுற்றி மூவரும் நின்று, ஞாயிற்றுக்கிழமை போகவிருந்த சுண்ணாம்புக் குகைப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பல் மருத்துவமனையில் மொத்தமே மூன்று பேர்தான்: டாக்டர், வரவேற்பில் உட்காரும் அக்கா, பின்னறையில் பல் செட்டும் கேப்பும் செய்யும் அவள். டாக்டரின் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு இரண்டு வருடம் முன்பு உலோக கேப் செய்துகொடுத்தவள் அவளேதான். அவர் வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம் அது பளிச்சென்று தெரியும். அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எழும். இன்று அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பல் இருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, ரோஷம். என் கைவேலை பிடிக்காமல் வேறு எங்கோ போய் மாற்றிக்கொண்டாராக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போய்விடுவார்?

"போன ஞாயிறு நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வந்தேன்ல," என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "செக்போஸ்ட்ல வண்டியை விட்டுட்டு, புதர்க்காட்டு வழியா ஒரு மணி நேரம் நடக்கணும். வாசல்ல குனிஞ்சுதான் போகணும். உள்ள போயிட்டா கூடம் மாதிரி விரிஞ்சிடும்."

அக்கா தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். தண்ணீர், தொப்பி, முள் ஏறாத ஷூ. "டார்ச் எத்தனை வேணும் டாக்டர்?"

"டார்ச் வேண்டாம். கண்ணு பழகிடும்."

அக்கா சிரித்துவிட்டாள். "கரண்டு போனாலே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

"பழகிடும்," என்றார் டாக்டர் மறுபடியும், அதே குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல். "வீட்ல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க. குழந்தைங்களை விட்டுட்டு வராதீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்த குழந்தை சிணுங்கினாலே நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுகிற மனிதர் அவர். அக்கா அதற்குள் தன் கணவனையும் ஆறு வயது மகளையும் சேர்த்து எழுதிவிட்டாள். கேட்காமலே இவளுடைய கணவனையும் சேர்த்திருந்தாள்.

அதன் பிறகு அவளால் வேலையில் மனம் செலுத்த முடியவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியம் வந்த ஒரு டிரைவருக்கு டாக்டர் பல் பிடுங்கினார். ஜன்னல் திரை இழுத்துவிடப்பட்ட அந்த மங்கலில், நாற்காலிக்கு மேலிருக்கும் விளக்கைப் போடாமலே, கை கொஞ்சமும் தடுமாறாமல் பிடுங்கினார். அறையெங்கும் ஈரச் சுண்ணாம்பு வாடை நின்றது. நாலைந்து நாளாகவே அது இருக்கிறது. பல் அச்சு வார்க்கத் தான் கரைக்கும் மாவின் வாடைதான் என்று அவள் விட்டிருந்தாள். இன்றைக்கு அவள் மாவே கரைக்கவில்லை.

திட்டத் தாளில் செக்போஸ்ட் எண் இருந்தது. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டாள். வனக்காவலர்தான் எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆறு பேர் வரோம். எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"எட்டு மணிக்கு வந்துடுங்கம்மா."

"போன வாரம் எங்க டாக்டர் வந்திருந்தாராமே?"

பதிவேடு புரளும் சத்தம் கேட்டது. "ஆமா, தனியா ஒருத்தர். உள்ள போன கையெழுத்து இருக்கு. வெளிய வந்த கையெழுத்தைக் காணோம்."

"மறந்திருப்பாரு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வண்டிதான் போயிடுச்சே. ஆனா..." அவர் தயங்கினார். "குகை வாசல்ல தண்ணி நிக்கும்மா. ஷூவைக் கழட்டி வெச்சிட்டுத்தான் உள்ள போகணும். அவரு ஷூ இன்னும் அங்கயேதான் கெடக்கு. அவ்வளவு முள்ளுல வெறுங்காலோடவா நடந்து வந்திருப்பாரு?"

அவள் போனை வைத்தாள். அலமாரியிலிருந்து டாக்டரின் பழைய பல் அச்சை எடுத்தாள். கேப் மாட்டுவதற்காக அவருடைய அந்தப் பல்லைச் சுற்றிலும் ராவியிருந்தார்கள். அச்சில் அது ஒரு குட்டை முளையாகத்தான் நின்றது. அவர் வாயில் பார்த்ததோ கேப் மாதிரி இல்லை, முழுப் பல். ராவிய பல் வளராது. வளரவே வளராது.

"என் பல்லையா பாக்கறே?"

கதவு திறந்திருந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். காலடிச் சத்தமே கேட்கவில்லை.

"இல்ல டாக்டர்... கேப் தேய்ஞ்சிருக்கான்னு..."

"அச்சுல என்ன தெரியும்? வா. நீயே பாத்துக்கோ."

வெளியே வெயில் அடித்தது. தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்காவின் மகள் வரவேற்பில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கடந்து போகும்போது டாக்டர் நின்று, அவள் தலையை ஒருமுறை தடவினார். குழந்தை கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. "ஐயே, ஜில்லுன்னு இருக்கு!"

அதனால்தான் அவள் பின்னாலேயே போனாள். ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம். ஒன்றுமில்லையென்றால் தன்னையே திட்டிக்கொண்டு சிரித்துவிடலாம். ஏதாவது இருந்தால், அக்காவை இழுத்து நிறுத்த ஒரு வார்த்தையாவது கையில் இருக்கும்.

டாக்டர் நோயாளி நாற்காலியில் சாய்ந்தார். அவள் விளக்கை இழுத்தபோது அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார்.

அவள் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டாள்.

பற்கள். எல்லாமே புதுசு. ஒன்றில்கூடக் கறை இல்லை. அவற்றுக்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்கும் பின்னால் இன்னொன்று. மேலிருந்து தொங்கியவை. கீழிருந்து எழுந்தவை.

நாக்கு இல்லை.

வெளிச்சம் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. ஈரம் வழியும் வெள்ளைச் சுவர்கள். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. கையை இழுக்கப் பார்த்தாள். விரல்கள் அசையவில்லை.

"வேன்காரர் வரேன்னுட்டாருடி!" என்று வெளியே அக்காவின் குரல் கேட்டது.

வெகு ஆழத்தில் ஏதோ அசைந்தது.

அரிசி அளவு. பிறகு விரல்நகம் அளவு. ஒரு மனிதன். வெறுங்காலோடு, சுவரைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தான். விளக்கைக் கண்டதும் நின்றான். கண்கூச்சத்தில் கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். பின்பு அவளைப் பார்த்தான். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அது டாக்டரின் குரல்.

அவர் ஓடத் தொடங்கினார். வெளிச்சத்தை நோக்கி. விழுந்து, எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.

அவள் விரல்களுக்கு மேலே, நாற்காலியிலிருந்த வாய், மெல்ல மூடிக்கொண்டு வந்தது.