பேசாத லிஃப்ட்

இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள் குட்டிப்பெண் சுண்டெலி.

ஐந்தாவது மாடி. மூச்சு வாங்கியது. ஆனால் நிற்க நேரமில்லை. லிஃப்ட் அவளை முந்திக்கொண்டு மேலே போகிறது. உள்ளே சுருதி மாமா, தனியாக!

ஆறாவது மாடியில் மராமத்து வேலை. வராந்தாவின் கைப்பிடிக் கம்பிகளையெல்லாம் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

லிஃப்ட் கதவு திறந்தது. மாமாவின் வெள்ளைக்கோல் வெளியே நீண்டது.

"மாமா! அசையாதீங்க!"

கோல் அப்படியே நின்றது. "யாரு, சுண்டெலியா? எனக்கு முன்னாடி எப்படிக் கீழே வந்தே?"

"இது கீழே இல்ல மாமா. ஆறாவது மாடி!"

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

சுருதி மாமாவுக்குப் பார்வை கிடையாது. பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். சுண்டெலிக்குப் பக்கத்து வீடு, நாலாவது மாடி. போன வாரம் வரை ஒவ்வொரு மாடியின் எண்ணையும் லிஃப்ட் சொல்லும். அவர் பாட்டுக்கு இறங்கி வேலைக்குப் போவார். திங்கட்கிழமை லிஃப்டுக்குப் புது அப்டேட் வந்தது. குரல் போய்விட்டது. இன்று மேலே போகிற லிஃப்டில், கீழே போகிறது என்று நினைத்து ஏறிவிட்டார். சுண்டெலி பார்த்துக் கத்துவதற்குள் கதவு மூடிவிட்டது.

"இனிமே படியிலேயே போயிடறேன்மா," என்றார் மாமா.

"இந்தக் கருவிப் பையோடவா? உள்ளே முழுப் பியானோவே இருக்கிற மாதிரி கனக்குது! குரலைத் திரும்ப வரவைக்கிறேன். நீங்க பாருங்க."

அம்மாவின் போனில் லிஃப்ட் கம்பெனியைக் கூப்பிட்டாள்.

"ஓட்டு எடுத்துத்தான் நிறுத்தினோம் பாப்பா," என்றது ஓர் ஆண்குரல். "லிஃப்ட் திரையில ஒரு மாசம் கேள்வி இருந்துச்சு. மொத்தம் பதினொரு ஓட்டு. எல்லாமே 'குரல் வேண்டாம்'."

சுண்டெலி எச்சில் விழுங்கினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"திரையில கேட்டா, பார்வை இல்லாதவங்க எப்படி ஓட்டுப் போடுவாங்க?"





"அடடா... நாங்க அதை யோசிக்கல. சரி, நாற்பது பேர் கையெழுத்து வாங்கி அனுப்பு. மாத்திடலாம்."

மறுநாள் மாலை லிஃப்டுக்குள் ஒரு முக்காலி வந்தது. அதன்மேல் சுண்டெலி, மடியில் நோட்டு.

"மூணாவது மாடி! பாத்து இறங்குங்க! லிஃப்டுக்குக் குரல் வேணும்னா இங்க கையெழுத்துப் போடுங்க!"

கையில் குழந்தையும் தோளில் பையுமாக வந்த அக்கா உடனே போட்டாள். மாடி எண்ணைக் கூடப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு வந்த அண்ணனும் போட்டான். பல் டாக்டர் மட்டும் முறைத்தார்.

"அந்தச் சனியன் ஒழிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன். இப்ப நீ வேற கத்துறியா?"

"ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு வாங்க டாக்டர். நான் வாயே திறக்க மாட்டேன்."

"இதென்ன பிரமாதம்!" கண்ணை இறுக்க மூடினார்.

லிஃப்ட் நின்றது. டாக்டர் கம்பீரமாக இறங்கிப் போனார். சாவியைத் தடவி எடுத்துப் பூட்டில் நுழைத்தார். நுழையவில்லை. மறுபடியும் குடைந்தார். கதவு திறந்தது.

"என் வீட்டுக் கதவை எதுக்கு டாக்டர் குடையறீங்க?" என்றார், டாக்டர் வீட்டுக்கு ஒரு மாடி கீழே குடியிருக்கும் போலீஸ்காரர்.

டாக்டர் திரும்பி வந்து, நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் பன்னிரண்டு. அடுத்த நாள் ஒன்பதுதான். தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர்ப் பாட்டிலோடு மூன்றாம் நாளும் உட்கார்ந்தாள். நான்காம் நாள் மொத்தம் நாற்பத்து மூன்று!

கையெழுத்துகள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன; அடுத்த வாரச் சனிக்கிழமை மெக்கானிக் வந்தார். அரை மணி நேரம் எதையோ தட்டினார். சுண்டெலியும் மாமாவும் தரைத்தளத்தில் லிஃப்டில் ஏறினார்கள்.

"நாலாவது மாடி," என்றது லிஃப்ட்.

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "சுருதி கொஞ்சம் ஏறியிருக்கு. ஆனா இதைவிட நல்ல பாட்டு நான் கேட்டதில்ல."

சரியாகத் தன் வீட்டு வாசலுக்கு நடந்தவர், திரும்பினார்.

"ஏன் சுண்டெலி, விளையாடக்கூடப் போகாம நாலு நாள் லிஃப்டுக்குள்ளயே உட்கார்ந்தியாமே? உனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

சுண்டெலி செருப்பைப் பார்த்தாள்.

"மாமா... திரையில அந்த 'வேண்டாம்' பட்டனை அமுக்கினா, ஒரு பூனை வந்து குட்டிக்கரணம் அடிக்கும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. "அடிச்சுட்டுப் போகட்டும். அதுக்கென்ன?"

"அந்தப் பதினொரு ஓட்டுல ஒன்பது என்னோடது மாமா."