வெயிலடித்த நாட்களில் மட்டும்

எழில் வந்தபோது சொர்ணலட்சுமி வாசல் பம்படியில் குடம் கழுவிக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்தங்கலில் நகை தொலைந்தாலும், மகன் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனாலும், ஸ்டேஷனுக்குப் போகும் முன் அவரிடம்தான் வருவார்கள். ஆட்டோ ஓட்டும் மணிமுத்து அவருக்கு வலது கை. கொஞ்சம் அவசரக் கை. எந்த விவகாரம் வந்தாலும் முதல் நிமிடத்திலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் கண்டுபிடித்த ஆள் ஒருநாளும் குற்றவாளியாக இருந்ததில்லை.

கையில் மாற்றுச் சேலைகள் வைத்த ஒரு துணிப்பையோடு நின்ற எழில், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க மாமாவுக்கு நான் சோத்துல என்னமோ கலந்து குடுக்கேன்னு சொல்றாகம்மா. சாயங்காலத்துக்குள்ள நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிரணுமாம்."

மாமா என்றது அவளுடைய மாமனார் நாகையாவை. பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். சர்க்கரை நோய் வந்து பல வருடமாகிறது. உடம்பைக் குறைக்காவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் எச்சரித்ததும், அவர் சாப்பாட்டை எழில் கையில் எடுத்துக்கொண்டாள். சோற்றைக் குறைத்து, காயையும் சுண்டலையும் கூட்டினாள். கம்பெனி வேன் நிற்கும் கடையில் அவர் தினமும் காலையில் குடிக்கும் இரண்டு சீனி டீயையும், கூடவே தின்னும் பன்னையும் நிறுத்தினாள். ஆளும் நன்றாக இளைத்தார். அதற்குப் பிறகுதான் வினை வந்தது. கம்பெனியில் மூன்று முறை அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு உளறியது. குடித்துவிட்டு வந்தாரோ என்று வாயை மோந்துகூடப் பார்த்திருக்கிறார்கள். செய்தி கேட்டுச் சாத்தூரிலிருந்து வந்திறங்கிய அவருடைய அக்கா இருளம்மாள், எல்லாம் மருமகளின் கைவேலை என்றாள். எழிலின் கணவன் பாண்டி, கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இரு என்று சொல்லிவிட்டு அச்சாபீசுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி என்று சொர்ணலட்சுமி கேட்டார். வீட்டிலும் அதே சாப்பாடுதான், ஒன்றும் ஆனதில்லை என்றாள் எழில்.

"அந்த மூணு நாளும் மழையா, வெயிலா?"

இது என்ன கேள்வி என்பதுபோல் எழில் பார்த்தாள். பிறகு யோசித்தாள். இந்த மாதம் முழுக்க மூட்டம்தான். ஆனால் அந்த மூன்று நாளும் போர்வை துவைத்துப் போட்டது நினைவிருக்கிறது.

"வெயில்தாம்மா. மதியத்துக்குள்ள காஞ்சிருச்சு."

அக்காக்காரிதான் ஏதோ செய்கிறாள் என்று பக்கத்தில் நின்ற மணிமுத்து சொர்ணலட்சுமியின் காதோரம் சொன்னார். அவள் வந்ததே மூன்றாவது தடவைக்குப் பிறகு என்று நினைவூட்டியதும் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

மூவரும் ஆட்டோவில் எழிலின் வீட்டுக்குப் போனபோது இருளம்மாள் வாசலை மறித்து நின்றாள். பயந்தவள்போல் தெரியவில்லை. இன்று காலை எழில் பார்க்காத நேரத்தில் டிபன் பாக்சை எடுத்துவிட்டு வெறும் பையைத் தம்பியிடம் கொடுத்தனுப்பியதை அவளே பெருமையாகச் சொன்னாள். சாப்பாடு தெருநாய்க்குப் போயிருக்கிறது. நாய்க்கு என்ன ஆகிறது என்று சாயங்காலம் ஊரே பார்க்கட்டும் என்றாள்.

மணிமுத்து ஓடிப்போய் நாயைப் பார்த்தார். அது வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் ஒரு உருண்டை கிடைக்குமா என்று அவர் கையை மோந்தது.

சொர்ணலட்சுமி நாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளே போய் அலமாரியிலிருந்த நாகையாவின் மாத்திரை அட்டையை எடுத்தார்.

"இதை இன்னிக்குப் போட்டாரா?"

"போடாம வேன் ஏற மாட்டாகம்மா. சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. சாப்பாடு கம்பெனிக்குப் போய்த்தான்."

சொர்ணலட்சுமி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். மூட்டம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் முகம் மாறியதை மணிமுத்து அன்றுதான் முதல்முறை பார்த்தார்.

"மணி, வண்டியை எடு. எழில், சீனி டப்பாவை எடுத்துக்க. இருளம்மா, நீங்களும் ஏறுங்க."

வழி நெடுக அவர் மணிமுத்துவை விரட்டிக்கொண்டே வந்தார்.

கம்பெனி வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காவலறைக்குள் ஆணிகளில் சட்டைகள் தொங்கின. உள்ளே போகும் ஆள் எவரானாலும், பையில்லாத கம்பெனி பருத்திச் சட்டைக்கு மாறியாக வேண்டும். பீடி, தீப்பெட்டி எதுவும் மறந்தும் உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காக வைத்த சட்டம். நாகையாவின் நீலச் சட்டைப் பைக்குள் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. சொர்ணலட்சுமி விரலை விட்டு எடுத்தார். பிசுபிசுவென்று ஆரஞ்சு மிட்டாய்கள்.

"ஆஸ்பத்திரி நர்சம்மா எப்பவும் கூட வச்சிருக்கச் சொன்னாகன்னு நான்தான் தினமும் போட்டு விடுவேன்," என்றாள் எழில். "சட்டையை மாத்துவாகன்னு எனக்குத் தெரியாதே."

அதற்குள் மேனேஜர் ராஜபாண்டியன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். நாகையாவுக்கு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. வெடிமருந்து கலக்கும் அறையில் சல்லடையைக் கையில் பிடித்தபடி உளறிக்கொண்டு நிற்கிறார். அவரைத் தாண்டி வெளியே வர முடியாமல் பின்னால் மூன்று பெண்கள் சுவரோடு ஒட்டிப்போய் நிற்கிறார்கள். வெளியே வா என்றால் கோபப்படுகிறார். இழுக்கவும் பயம். சல்லடை தட்டிக் கீழே விழுந்தால் மருந்து வெடித்து அந்த அறையில் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

எழில் உடுத்தியிருந்தது நைலான் சேலை. உரசினால் பொறி தட்டும்; அதோடு அறைப் பக்கம் போகவே முடியாது. அறைக்கு எதிரே இருந்த வேலியோரம் அவளை நிறுத்திய சொர்ணலட்சுமி, சாயங்காலம் வேலை முடிந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று ராஜபாண்டியனிடம் கேட்டுக்கொண்டு எழிலின் காதில் ஏதோ சொன்னார். எழில் வேலியைப் பிடித்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டாள்.

"மாமா, வேன் வந்துருச்சு. சல்லடையை மெல்ல வச்சிட்டு வாங்க."

நாகையா திரும்பினார். அவளை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. ஆனால் எத்தனையோ வருடமாகக் கேட்டுப் பழகிய சொல் அது. சல்லடையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, தள்ளாடியபடி வெளியே வந்தார். பின்னாலேயே மூன்று பெண்களும் ஓடிவந்தார்கள்.

விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார் சொர்ணலட்சுமி. வியர்வை அடங்கி, ஆளும் தெளிந்த பிறகு, ராஜபாண்டியன் தன் இட்லியைக் கொண்டுவந்து கொடுத்தார். நாகையா சாப்பிட்டு முடித்ததும் எல்லோரையும் காவலறையில் உட்கார வைத்துச் சொர்ணலட்சுமி பேசினார்.

"விஷம்னா ஞாயித்துக்கிழமையும் வேலை செய்யும். இது வெயிலடிச்ச வேலை நாள்ல மட்டும்தான் வந்துச்சு. மூட்டம் போட்டா ஈரத்துக்குப் பயந்து வெடிமருந்து கலக்க மாட்டாக. அன்னிக்கு வந்ததும் டிபனைத் திறந்துருவாரு. வெயிலடிச்சா முதல் வேலையே கலக்குறதுதான். கலந்ததை முடிக்காம அந்த இடத்தை விட்டு நகர முடியாது. சாப்பாடு தள்ளிப் போயிரும். மாத்திரையோ விடியக்காலமே உள்ள போயிருச்சு. சாப்பாடு வரலைன்னா சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கும். முந்தியெல்லாம் அந்த ரெண்டு சீனி டீயும் பன்னும் தாங்கிப் பிடிச்சிருந்துச்சு."

அவர் இருளம்மாள் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு டிபனும் இல்லை. நடுவுல சாப்பிடணும்னு நினைச்சிருந்தாலும் வெறும் பைதான்."

இருளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உடம்பு இளைச்சிருக்கு, சாப்பாடு குறைஞ்சிருக்கு, மாத்திரை மட்டும் பழைய கணக்கு," என்று நாகையாவிடம் சொன்னார். "நீங்களா நிறுத்திராதீக. டாக்டர்தான் பார்த்து மாத்தணும். ஆனா சாப்பிடாத அன்னிக்குத்தான் இப்படி வருதுன்னு உங்களுக்கே தெரியும், இல்லையா?"

நாகையா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "தெரியும். சீக்காளின்னு தெரிஞ்சா அந்த ரூமுக்குள்ள விடமாட்டாகன்னுதான் வாயைத் தெறக்கல."

"இந்தப் பிள்ளை மேல பழி விழுந்தப்பவுமா?"

நாகையா எழிலைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பியை அப்படிப் பார்க்க இருளம்மாளுக்கே வெட்கமாக இருந்தது. இனி அவருக்கு வாசல் பக்கம் வேலை என்று ராஜபாண்டியன் சொன்னதை அவர் மறுக்கவில்லை.

வெளியே மணிமுத்து வண்டியைக் கிளப்பினார். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் எழிலின் அம்மா வீட்டுக்குப் போகும் பஸ். எங்கே என்று கேட்டார்.

"வீட்டுக்கு விடுப்பா," என்றாள் இருளம்மாள்.

"முதல்ல டாக்டர்கிட்ட," என்றாள் எழில். "மாமாவே தன் வாயால அம்புட்டையும் சொல்லணும். வீட்டைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

நாகையா அவள் அம்மா வீட்டுக்கென்று எடுத்துவந்த துணிப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் வீட்டு வாசல் வரும்வரை, அவள் கேட்டும்கூட, திருப்பிக் கொடுக்கவில்லை.