மேகத்துக்குள் மீன் இருக்குமா?

சாரங்காவுக்குக் கனவு காண இடமும் நேரமும் தேவையில்லை. சோற்றில் கை வைத்தபடியே அக்கராயன் குளத்துக்குப் போய்த் திரும்பி வந்துவிடுவாள்.

அவளுடைய அக்கா ராஜினி, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ரீச்சராவதற்காகக் கல்வியியற் கல்லூரியில் படிக்கிறாள். இப்போது பயிற்சிக்காக, சாரங்காவின் நாலாம் வகுப்புக்கே வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை விரிவுரையாளர் வந்து அவள் படிப்பிப்பதைப் பார்த்துப் புள்ளி போடுவார். அதில் சித்தியடைந்தால்தான் ரீச்சர்.

ஆகவே அந்த வாரம் முழுக்க வீட்டு விறாந்தைதான் வகுப்பறை. முப்பது பிள்ளைகளும் சாரங்கா ஒருத்திதான்.

"வெயில் பட்டால் குளத்துத் தண்ணிக்கு என்ன நடக்கும்?"

"ஆவியாகும், ரீச்சர். பிறகு மேகமாகும். பிறகு மழையாகும்."

"நான் ஒரு கேள்விதானே கேட்டனான்!"

"அக்கா, தண்ணி மேல போகேக்க மீனும் மேகத்துக்குப் போகுமோ?"

"அது பாடக்குறிப்பில இல்லையடி. இங்க கவனி."

ஆறு தடவை ஒத்திகை நடந்தது. பயத்தில் அக்கா ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. சாரங்காவுக்குப் பாவமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை மணி அடிக்க முன்னமே வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி, எல்லா விடைகளையும் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

விரிவுரையாளர் நல்லதம்பி சேர் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தார். ராஜினி, குளம் வரைந்த அட்டையை உயர்த்திப் பிடித்தாள்.

"பிள்ளையள், வெயில் பட்டால்..."

"ஆவியாகும்!" என்று கத்தியது வகுப்பு.

"பிறகு அந்த ஆவி..."

"மேகமாகும்! குளிர்ந்தால் மழையாகும்! தண்ணியை வீணாக்கக் கூடாது!"

கடைசி வசனம், நாற்பதாவது நிமிடத்தில் ராஜினி சொல்ல வேண்டிய முடிவுரை. ஐந்தே நிமிடத்தில் பாடம் முடிந்துவிட்டது! சேர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். ராஜினி அட்டையைக் கீழே இறக்கினாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். சாரங்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யன்னலுக்கு வெளியே பார்த்தாள். தூரத்தில், வயல்களுக்கு அப்பால், வெள்ளை மேகம் ஒன்று மிதந்தது. மீன் நிறைந்த கூடை மாதிரி அதன் வயிறு புடைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை உயர்த்தினாள்.

"அக்கா... இல்லையில்லை, ரீச்சர்! தண்ணி மேல போகேக்க மீனும் மேகத்துக்குப் போகுமோ?"

இதற்கு மட்டும் சாரங்கா யாருக்கும் விடை சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கே தெரியாதே!

ராஜினி பாடக்குறிப்பைப் பார்த்தாள். பிறகு அதை மூடி வைத்தாள்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"போகும்! அதுதான் மழைக்குப் பிறகு வாய்க்காலில மீன் வருது" என்றாள் ரஜிதா.

"இல்லை." ஒரு நாளும் வகுப்பில் வாய் திறக்காத யதுர்ஷன் எழுந்து நின்றான். "குளம் வத்தேக்க விரால் மீன் சேத்துக்குள்ள ஒளிச்சிருக்கும். எங்கட அப்பா தோண்டிப் பிடிச்சவர்."

"ஓம் ரீச்சர்! ஆனையிறவு உப்பளத்திலயும் தண்ணி வத்தினால் உப்பு அங்கயேதான் கிடக்கு" என்றான் திலீபன்.

"அப்ப மேல போறது என்ன?"

"தண்ணி மட்டும்!" என்றான் யதுர்ஷன், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி.

மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. நல்லதம்பி சேர்தான் எழும்பினார்.

"முதல் அஞ்சு நிமிசம் நான் பயந்துபோனன், பிள்ளை. அதுக்குப் பிறகு நீங்கள் ரீச்சராகவே நிண்டியள். சித்தியடைஞ்சிட்டியள்!"

பின்னேரம் சாரங்கா தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள். "நான்தான் அக்கா, எல்லாருக்கும் விடை சொல்லிக் குடுத்தனான்."

"தெரியும். முடிவுரைகூட என்ர வசனம்தானே!" அக்கா சிரித்துக்கொண்டே அவள் தலையில் மெல்லக் குட்டினாள்.

பிறகு அடுத்த பாடத்துக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தாள். சாரங்கா அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அறிமுகம், ஐந்து நிமிடம். அதற்குக் கீழே, அக்காவின் அழகான எழுத்தில்:

சாரங்காவின் கேள்வி, பத்து நிமிடம்.